ஆஃப் நாள் கிணறு

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்தோரு வருடம் ஆகிறது. வீடு விழுப்புரத்தில், நிலையம் திண்டிவனம் பக்கம். எங்கள் பகுதியில் தீ குறைவு. வைக்கோல் போர் எரியும். கரும்புத் தோட்டம் எரியும். கோடையில் இரண்டு மூன்று கூரை. மற்றபடி எங்களுக்கு வருவதெல்லாம் கிணறுதான்.

மாடு விழும். ஆடு விழும். மனிதர் விழுவார். மாட்டைப் பெரும்பாலும் உயிரோடு எடுத்துவிடுவோம். அது நீந்திக்கொண்டே கத்தும். ஊருக்கே கேட்கும். உடனே போன் வந்துவிடும். மனிதர் விழுந்தால் சத்தம் வராது. முதலில் வீட்டில் தேடுவார்கள். பிறகு சொந்தக்காரர் வீட்டில், பிறகு பஸ் ஸ்டாண்டில். கடைசியில் கிணற்று மேட்டில் செருப்பைப் பார்த்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போகும்போது காப்பாற்றுகிற நேரம் முடிந்திருக்கும். எடுக்கிற வேலைதான் பாக்கி.

முதலில் பாதாளக் கரண்டி போடுவோம். கயிற்றின் நுனியில் கொக்கி கொக்கியாக இருக்கிற இரும்பு அது. துணியில் மாட்டினால் இழுத்துக்கொள்ளலாம். மாட்டாவிட்டால் ஒருவர் இறங்க வேண்டும். எங்கள் நிலையத்தில் அந்த ஒருவர் நான். யாரும் எழுதிக் கொடுத்த வேலை இல்லை. நீச்சல் தெரியும், மூச்சு நிற்கும். முதல் வருடம் இறங்கினேன். அதற்குப் பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் சட்டையைக் கழற்றுவேன்.

எத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டதில்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி அது ஒன்றுதான்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு கிணறு. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் கண் வேலை செய்யாது, கையால்தான் தேட வேண்டும். ஐந்தாவது முழுக்கில் ஆள் கிடைத்தார். தூக்கும்போது அவர் வேட்டி அவிழ்ந்து என் காலில் சுற்றிக்கொண்டது. உதறினேன். இறுகியது. குனிந்து அவிழ்க்கப் பார்த்தேன், எது என் கால், எது அவர் கை என்று தெரியவில்லை. மேலே இருந்தவர்கள் அரை நிமிடம் கூட இருக்காது என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கால் விடுபட்டது. ஆளையும் கொண்டுவந்தேன். டீ குடித்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினேன். கண்ணை மூடியதும் அந்தக் கிணறு. கண்ணைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டேதான் தலைக்கு ஊற்றினேன். சோப்பு நுரை கண்ணில் போகும். எரியும். அது பரவாயில்லை என்று இருந்தது.

நாலு நாள் கழித்து என் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க, கண்ணு இப்டிச் செவந்து கெடக்குது?"

"சோப்பு."

"இருவது வருசமா அதே சோப்புதான. இப்ப மட்டும் இன்னா வந்துது?"

கிட்டே வந்து வாயை முகர்ந்து பார்த்தாள். நான் குடிக்கிறவன் இல்லை. குடித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பாள். வாடை இல்லாததால் பயந்துபோனாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் மறுபடி ஒரு கிணறு. கொக்கி மாட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றினேன். இடுப்பில் கயிறு கட்டினார்கள். கிணற்று விளிம்பில் உட்கார்ந்தேன். கால் இறங்கவில்லை. நான் இறங்கு என்கிறேன், அது இறங்கவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது.

அதைக் கவனித்தவன் எங்கள் வண்டி டிரைவர் ஒருவன்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரன். இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்கு வந்தோம். என்னை மச்சான் என்பான், உறவு ஒன்றும் இல்லை. நல்ல தொந்தி. பிரஷர் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். வெயிலில் ஏணியைத் தூக்கினாலே மூச்சு வாங்குவான். டிரைவருக்குக் கிணற்றில் வேலையே கிடையாது. வண்டியையும் பம்பையும் விட்டு அவன் நகரக் கூடாது.

அவன் வண்டியை விட்டு வந்தான். என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

"சார், இவனுக்குக் காதுல சீழு சார். நேத்தே சொன்னான். நான் எறங்கறேன்."

"நீ டிரைவர்யா," என்றார் எங்கள் நிலைய ஆபீசர்.

"டிரைவரும் மெதப்பான் சார்."

இறங்கிவிட்டான். எடுத்தும் விட்டான். மேலே வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். உதடு நீலமாக இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் என் காதில் சீழ். ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கினான்.

எங்களுக்கு ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் ஆஃப். காலை எட்டு மணிக்கு ஆள் மாறும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் விழுப்புரம் வருவோம். தை மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னான்.

"மச்சான், வீட்டுக்குப் போவாத. கெடார் போலாம் வா. என் தங்கச்சிய அங்கதான் குடுத்துக்கீது. மல்லாட்டை போட்டுக்கீறாங்க. கெணறு ரொம்பிக் கெடக்குது."

"ஆஃப் நாள்லயும் கெணறா?"

"அந்தக் கெணறு வேற, இந்தக் கெணறு வேற. இது குளிக்கிற கெணறு."

"நான் வர்ல."

"வராட்டி போ. உன் காதுல சீழு எப்டி கீதுன்னு உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்."

போனேன்.

ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் வரப்பில் நடக்க வேண்டும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூத்திருந்தது. நடுவில் சதுரமான கிணறு, கருங்கல் கட்டு. சுவரிலிருந்து கல் நீட்டி நீட்டிப் படி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மோட்டார் ரூம், ஒரு புங்க மரம். எந்தக் கிணற்றுக்குப் போனாலும் என் கண் முதலில் கயிறு கட்ட மரம் எங்கே என்று பார்க்கும். பிறகு விளிம்பில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டையும் பார்த்தேன். மரம் இருந்தது. செருப்பு இரண்டு ஜோடி இருந்தது. அதைப் பார்த்ததும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். டிரைவரின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் களை பிடுங்கப் போகும்போது கழற்றி வைத்தது என்று பிறகு தெரிந்தது.

அவன் லுங்கியைக் கச்சை கட்டிக்கொண்டு மேலிருந்தே குதித்தான். தண்ணீர் சுவர் முழுக்கத் தெறித்தது. மல்லாந்து மிதந்தான். தொந்தி மட்டும் வெளியே தெரிந்தது, லாரி டியூப் மாதிரி.

"எறங்கு."

"சளி."

அவன் தங்கை தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தாள். "இன்னாண்ணா, நீ எறங்கலயா?" என்றாள்.

"சளிம்மா."

"நேத்து காதுன்னாரு எங்கண்ணன். இன்னிக்கு சளியா? நாளைக்கு இன்னா?"

அவன் கீழே இருந்து சிரித்தான். எதிரொலி சேர்ந்து நாலு பேர் சிரித்த மாதிரி வந்தது.

அன்றைக்கு நான் இறங்கவில்லை. மேட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் ஒரு கிணற்றைப் பத்து நிமிடம் சும்மா பார்த்ததில்லை. போவோம், போடுவோம், இறங்குவோம், எடுப்போம், வந்துவிடுவோம். கிணற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆள் என்றுதான் சொல்லியிருப்பேன். இங்கே பார்த்தால் வேறு என்னென்னவோ இருந்தது. சுவர் இடுக்கில் ஒரு அரசங்கன்று. புங்கக் கிளை ஒன்று கிணற்றுக்குள் சாய்ந்திருந்தது, அதன் நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு மூன்று. சின்னக் கெண்டைகள் அவன் காலைக் கொத்தின. அவன் கூச்சத்தில் எம்பினான். பத்து மணிக்கு வெயில் மேல் சுவரில் இருந்தது. பதினொன்றுக்குத் தண்ணீருக்கு வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் அடிப் படி வரை தெரிந்தது.

திரும்பி வரும்போது நான் டூட்டிப் பேச்சு எடுத்தேன். போன வாரம் ஒரு கேசில் கயிறு அறுந்தது பற்றி.

"இந்த வரப்புக்கு உள்ள யூனிபார்ம் பேச்சு எடுத்தன்னா தங்கச்சி கிட்ட சொல்லி மோட்டாரப் போட்டு மொத்தத் தண்ணியும் எறச்சிடுவேன்," என்றான். "ரோட்டுக்குப் போய்ப் பேசு."

ரோட்டுக்கு வந்ததும் பேசத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவை போனோம். இரண்டாம் தடவை படியில் இறங்கி முழங்கால் வரை நின்றேன். மூன்றாம் தடவை இடுப்பு வரை. அவன் ஒன்றும் சொல்லமாட்டான். வா என்று கூப்பிடமாட்டான், பாராட்டவும் மாட்டான். அவன் பாட்டுக்கு மிதப்பான். நாலாம் தடவை நீந்தினேன். தலையை மேலே வைத்துக்கொண்டு, நாய் நீந்துகிற மாதிரி, சுவரோரமாகவே நாலு பக்கமும் சுற்றி வந்தேன். இருபது வருடம் கிணற்றில் இறங்கியவன் நீந்துகிற நீச்சல் அது. அவன் பார்த்தான். "பேஜாரு நீச்சலா கீது," என்று மட்டும் சொன்னான்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் படுத்தேன். மதியம் இரண்டு மணி. ஐந்து மணிக்குத்தான் விழித்தேன். அந்த வருடம் பகலில் நான் தூங்கியது அன்றுதான். உடம்பு அசந்து வந்த தூக்கம். மனைவி எழுப்பாமல் இருந்திருக்கிறாள். டிவி சத்தத்தைக் கூடக் குறைத்து வைத்திருந்தாள்.

தலை மட்டும் உள்ளே போகவில்லை. கழுத்து வரை நான் நன்றாகத்தான் இருந்தேன். தாடையில் தண்ணீர் பட்டதும் கை தானாகப் படியைப் பிடித்துவிடும்.

மாசிக் கடைசியில் நடந்ததைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

அன்று அவனுக்குக் குஷி. தங்கை வீட்டுக்காரரிடம் சவால் விட்டுக்கொண்டிருந்தான். அவர் எங்களைவிடச் சின்னவர், பம்புசெட் பழுது பார்க்கிற ஆள், மெலிந்த உடம்பு.

"மாப்ள, அடிப் படியப் புடிச்சிக்கினு ஒரு நிமிசம் ஒக்காருவேன். பாக்கறியா?"

"நீ முழுவினா தண்ணிதான் மேல வரும். நீ வரமாட்ட," என்றார் அவர்.

"எண்ணு."

மூச்சை இழுத்துக்கொண்டு போனான். நான் இடுப்பளவு தண்ணீரில் படியில் நின்றிருந்தேன். அந்த மாப்பிள்ளை மேலே நின்று பத்து வரை எண்ணினார். யாரோ வரப்பில் கூப்பிட்டார்கள், திரும்பிப் பேசப் போய்விட்டார்.

நான் எண்ணினேன். வாய்விட்டு இல்லை. எங்களுக்கு அது பழக்கம். இருபது. முதலில் குமிழி வந்தது. முப்பது. குமிழி குறைந்தது. முப்பத்தைந்தில் குமிழி இல்லை. வெயில் அப்போது தண்ணீரில் இல்லை, மேகம். கீழே கருப்பாக ஒரு உருவம், அசையவில்லை. லுங்கி மட்டும் மெதுவாக அலைந்தது.

நாற்பதில் நான் உள்ளே இருந்தேன்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. தண்ணீரில் இருக்கிறவருக்கு முன்பக்கமாகப் போகக் கூடாது, பிடித்துக்கொள்வார், இரண்டு பேரும் போய்விடுவோம். பின்பக்கம் போய் அக்குளுக்குள் கை கொடுத்து மார்போடு சேர்த்து அணைத்து மேலே உதைக்க வேண்டும். அப்படியே செய்தேன். அவன் படியைப் பிடித்திருந்தான். விரலைப் பிரித்தேன். அவன் திமிறினான். திமிறினால் விடக் கூடாது என்பதும் எங்கள் முறைதான். இன்னும் இறுக்கினேன். மேலே கொண்டுவந்து படிக்கல்லில் குப்புறப் போட்டேன். தாடை கல்லில் மோதியது. முதுகில் கையை வைத்து அழுத்தினேன்.

"யோவ்! வுடுய்யா! உசுரோட கீறேன்யா!"

இன்னொரு தடவை அழுத்தினேன்.

"டேய், உசுரோட கீறேன்டா, கம்னாட்டி! கையை எடுரா!"

கையை எடுத்தேன். அவன் புரண்டு உட்கார்ந்தான். தாடை கிழிந்து ரத்தம். இருமினான். இருமல் நின்றதும் திட்டினான். என் அப்பாவில் ஆரம்பித்தான். நான் அரசாங்க வேலையில் சேர்ந்த நாளைத் திட்டினான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி திட்டினான்.

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கிணற்றிலிருந்து நான் மேலே கொண்டுவந்தவர்களில் என்னைத் திட்டிய முதல் ஆள் அவன்தான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று இருந்தது.

சத்தம் கேட்டு அவன் தங்கை மேலே ஓடிவந்தாள். "இன்னா சண்டை அங்க?"

"உன் அண்ணன இவரு காப்பாத்திக்கீறாரு," என்றார் அவள் வீட்டுக்காரர். "தாடை ஒடயற மாதிரி."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுத் திரும்ப இருமினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முதுகில் கை வைத்திருந்தபோது அவன் நெஞ்சு அடிப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. வேகமாக, தாறுமாறாக அடித்தது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, தெளிந்த தண்ணீர், வெறும் விளையாட்டு. அதற்கே அப்படி. இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் என் பங்குக்கு நாலு கிணறு இறங்கியிருக்கிறான். கலங்கல் தண்ணீரில், வேட்டியும் புடவையும் சுற்றுகிற இடத்தில். ஐந்தாவதில் நான் இவனைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது திட்டமாட்டான்.

"தலை ஈரமா கீது உனக்கு," என்றான் அவன், தாடையைத் துண்டால் அழுத்திக்கொண்டு.

அப்போதுதான் தெரிந்தது. முழுகி வந்திருக்கிறேன்.

அதோடு பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அவனை மேலே அனுப்பிவிட்டு அன்றைக்கே மறுபடி முழுகிப் பார்த்தேன். மூக்கு வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. கீழே உயிரோடு ஒருத்தன் இருந்தால் போகிறது. இல்லாவிட்டால் போகவில்லை. எனக்கு வருகிற வேலை எல்லாம் இரண்டாவது வகை.

மறுநாள் டூட்டிக்குப் போனதும் ஆபீசர் அறைக்குப் போனேன். அவர் எங்களைவிட வயதில் சின்னவர். படித்தவர். சத்தம் போடமாட்டார்.

"சார், எனக்குக் காதுல ஒண்ணும் இல்ல. தண்ணியில எறங்க முடியல. ஐப்பசியிலேருந்து. டிரைவருதான் எனக்குப் பதிலா எறங்குனான். அவனுக்குப் பிரஷர் இருக்குது சார். இனிமே அவன எறக்காதீங்க."

அவர் பேனாவை மூடினார்.

"அவருக்கு ஏதாவது ஆயிருந்தா?"

நான் மேசை மேல் இருந்த டூட்டி ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர்ட்டப் போனீங்களா?"

"இல்ல சார்."

"லெட்டர் தர்றேன், போங்க. எறங்க முடியலன்னா அதுல ஒரு தப்பும் இல்ல, எழுதிக் குடுங்க, ஸ்டேஷன்லயே வேலை போடறேன். ஆனா மறைக்காதீங்க. மறைச்சா இன்னொருத்தர் சாவார்." மறுபடி பேனாவைத் திறந்துகொண்டு, "யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க," என்றார்.

டிரைவரையும் கூப்பிட்டார். கதவு மூடியிருந்தது. வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான். தாடையில் பிளாஸ்திரி.

"யோவ், நான் கேட்டனா உன்ன?"

"இல்ல."

"மெமோ குடுப்பன்றாரு. வண்டிய வுட்டு நவுந்ததுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா போய்ச் சொன்ன?"

"ஆமா."

அவன் வண்டி அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஏதோ போல்ட்டை முடுக்கினான். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மெமோ பிறகு வரவில்லை. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

டாக்டரிடம் போனேன். பேசினார். மாத்திரை வேண்டாம் என்றார். கெடார் பற்றிச் சொன்னேன். அதை விடாதே என்றார். இறங்க முடியாது என்று எழுதிக் கொடுக்கிற காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பேர், பதவி, எண் எழுதியிருந்தேன். மீதி எழுதவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் போன் வந்தது. ஓமந்தூர் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கிணறு. காலை பதினோரு மணி. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று கிணற்றுக்குள் போகிற குழாயைப் பார்க்க இறங்கியவர் வழுக்கி விழுந்திருக்கிறார். தலையில் அடி. நாங்கள் போகும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எடுத்துடுவீங்களா சார்?"

அவருக்கும் தெரிந்திருந்தது. காப்பாற்றுவீர்களா என்று கேட்கவில்லை.

கொக்கி இரண்டு தடவை போட்டோம். குழாயில்தான் மாட்டியது. ஆபீசர் யாரையும் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கிவிட்டான். சட்டைப் பொத்தானில் கை வைத்திருந்தான். மெமோ வரும் என்று தெரிந்தும்.

"நீ பம்பு கிட்டப் போ," என்றேன்.

"உன்னால ஆவாது."

"பம்பு கிட்டப் போடா."

சட்டையைக் கழற்றினேன். கயிறு கட்டினார்கள். கால் மரத்துப்போனது. அதைப் பார்க்காமல் கையை ஊன்றி உடம்பைத் தள்ளிவிட்டேன். கால் வராவிட்டால் என்ன, விழுந்தாவது போகலாம் என்று.

முதல் முழுக்கில் தண்ணீர் மூடியதும் மேலே வந்துவிட்டேன். படிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முழுக்கில் அடி மண் கையில் பட்டது. வேறொன்றும் இல்லை. அதுவரை போகமுடிந்ததே என்று இருந்தது. மூன்றாவதில் குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். தோள் தட்டுப்பட்டது.

பின்பக்கம் போனேன். அக்குளுக்குள் கை கொடுத்து மார்போடு அணைத்தேன். இறந்தவருக்கு அது தேவையில்லை. கயிற்றைக் கட்டினால் போதும், மேலே இழுத்துக்கொள்வார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. உயிரோடு இருப்பவரைக் கொண்டுவருகிற மாதிரியே கொண்டுவந்தேன். தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கயிற்றுக் கட்டிலில் ஏற்றி மேலே அனுப்பினோம். அவர் அண்ணன் அழுதார். சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். நான் என் உடம்பைத் துடைத்துக்கொண்டேன். டிரைவர் வண்டியிலேயே இருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிலையத்துக்கு வந்ததும் ஆபீசர் ரிப்போர்ட்டை நீட்டினார். இறங்கியவர் என்ற இடத்தில் என் பெயர் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார்.

"இன்னிக்கு வேணாம் சார். முடியாதப்ப நானே வந்து சொல்றேன்."

தலையாட்டினார்.

மறுநாள் வீட்டுக்கு வந்து பையில் லுங்கியும் துண்டும் எடுத்து வைத்தேன். இதுவரை டிரைவரோடு போகிறேன் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

"எங்கங்க?" என்றாள் மனைவி.

"கெடார். கெணத்துக்கு."

அவள் முகம் மாறியது. "யாரு வுழுந்தது?"

"யாரும் வுழல. நீந்தப் போறேன்."

"நீந்தவா? நீங்களா?" இருபது வருடத்தில் நான் ஒரு காரியத்தைச் சும்மா செய்யப் போகிறேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "தலய நல்லாத் தொவட்டிக்கினு வாங்க," என்றாள்.

பங்குனி பிறந்துவிட்டது. மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சிக் கிணறு ஆறேழு படி இறங்கியிருந்தது. அவனும் வந்திருந்தான். பேச்சு வார்த்தை இன்னும் முழுசாக இல்லை. மேலே மோட்டார் ரூம் ஓரமாக மாப்பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டான். மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிப்போனது பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படியில் இறங்கினேன். மூச்சை இழுத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு போனேன்.

கீழே போனதும் கை தேட ஆரம்பித்துவிட்டது. நான் சொல்லவில்லை, அது பாட்டுக்குத் தேடியது. கல். பாசி. கல். ஒரு பழைய கயிற்றுத் துண்டு. மண். நாலு பக்கமும் துழாவிவிட்டு அது நின்றது. எடுக்க ஒன்றும் இல்லை. அடிப் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தேன். மேலே வெயில் பச்சையாக ஆடியது. கெண்டைகள் வந்து முழங்காலைக் கொத்தின. பயம் இருந்தது. அது ஒரு பக்கம் இருந்தது, நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மூச்சு தீர்ந்ததும் மேலே வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ்," என்றேன். "எவ்ளோ நேரம் உள்ள இருந்தேன்?"

டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் உன்னயா பாத்துக்கினு இருந்தேன்?"

சரி என்று மறுபடி உள்ளே போனேன்.